ஒரு தாளம் அதிகம்

முதல் அடி முதுகில் விழுந்தபோது எஸெல் சட்டையைத் தலை வழியாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

விடிய விடிய ஆடியவன். நனைந்த சட்டையைப் பிழிந்துவிட்டு, பையில் கொண்டுவந்த மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போகத்தான் சந்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். சிகாகோ முழுதும் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பழைய பொத்தான் தொழிற்சாலையின் நிலவறையில் மட்டும் ஆட்டம் இன்னும் ஓயவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் மூக்குக்கு மேல் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். ஒருவன் கையில் பேஸ்பால் மட்டை.

"உங்க டிஸ்கோ பாட்டுத்தட்டையெல்லாம் மைதானத்துல குவிச்சுக் கொளுத்தியும் உங்க ஆட்டம் அடங்கலையாடா? ராத்திரி பூரா ஆம்பளையைக் கட்டிப்புடிச்சு ஆடிட்டு, துரை வெயில் காய வந்துட்டாரு!" என்றான் தடியன்.

நெட்டையன் சிரித்தான். மட்டைக்காரன் சிரிக்கவில்லை, அடித்தான்.

எஸெல் விழுந்தான். எழப் பார்த்தான். முட்டியில் ஒன்று இறங்கியது. அப்புறம் அவன் எழப் பார்க்கவில்லை. தலையைக் காப்பாற்றினால் போதும் என்று இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

இரும்புக் கதவு நாலடி தூரத்தில்தான் இருந்தது. கத்தினான். கத்தி என்ன பயன்? செங்கல் சுவரே அதிரும்படி உள்ளே டிரம் இடித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் தொப்பி வைத்த இரண்டு பெண்கள், கையில் பைபிளோடு நின்று பார்த்தார்கள். பிறகு எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போனார்கள். நன்றாக இருக்கட்டும் அவர்கள்.

மட்டைக்காரன் கொன்றுவிட்டுத்தான் போவான் என்று எஸெலுக்குத் தோன்றியது. அடி ஒவ்வொன்றும் சுவருக்குப் பின்னால் இடிக்கும் டிரம்மோடு சேர்ந்தே விழுந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று ஆணி அடிக்கிறவனும் அந்தத் தாளத்தில்தான் அடிப்பான்.

விலா எலும்பு ஒன்று முறிந்தது. முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

கேட்டதற்குக் காரணம், டிரம் நின்றுபோயிருந்தது.

ஏன் நின்றது என்று எஸெலுக்குத் தெரியும். அந்த ஒலிநாடாவை வெட்டி ஒட்டியவனே அவன்தான். ரேடியோக்காரர்கள் கைகழுவிவிட்ட ஒரு பழைய பாட்டிலிருந்து டிரம் வரும் இடத்தை மட்டும் பிரதியெடுத்து, சவர பிளேடால் நறுக்கி, ஒட்டி ஒட்டி, ஒரு பாட்டு நீளத்துக்கு இழுத்திருந்தான். நடுவில் எட்டுத் தாளத்துக்கு வெறும் நாடா, சத்தமே இல்லாமல். தூக்கக் கலக்கத்தில் அதை ஒன்பதாக ஒட்டித் தொலைத்துவிட்டான்.

முதல் தடவை அது ஓடியபோது, எட்டு முடிந்ததும் அத்தனை பேரும் காலை ஓங்கி மிதித்தார்கள். டிரம் வரவில்லை. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பாட்டுப் போடுகிற ஆர்மண்ட் அதைத் திருத்த விடவில்லை.

இப்போது அதுவே அவர்களுடைய வழக்கம். கையைத் தூக்கி, ஒரு குதிகாலை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளம் அதிகமாகக் காத்திருப்பார்கள். புதிதாக வந்தவன் எட்டில் மிதித்து மாட்டிக்கொள்வான். வேறெங்கும் அந்தப் பாட்டு அப்படிக் கிடையாது. காசு கொடுத்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மட்டை மேலே போயிருந்தது. போன இடத்திலேயே நின்றது.

"என்னடா, உள்ள கரண்டு போயிருச்சா?" என்று தடியன் சுவரைப் பார்த்தான்.

எட்டு முடிந்தது. மட்டை இறங்கவில்லை.

எஸெல் விரலிடுக்கு வழியாகப் பார்த்தான். ஓங்கிய கை அசையாமல் இருந்தது. மட்டைக்காரனின் இடது குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

எஸெல் உருண்டான்.

டிரம் விழுந்தது. அதே கணத்தில் மட்டையும் விழுந்தது, அவன் தலை இருந்த இடத்தில், வெறும் சிமெண்டில்.

இருவர் கண்களும் சந்தித்தன. நிலவறையில் ஒரே ஒரு சிவப்பு பல்புதான். அங்கே யாருக்கும் யாருடைய முகமும் சரியாகத் தெரியாது. இவன் எத்தனை சனிக்கிழமை தன் பக்கத்திலேயே நின்று ஆடியிருப்பானோ, யார் கண்டது. எஸெல் கண்டுபிடித்துவிட்டான் என்பது மட்டைக்காரனுக்கும் புரிந்துவிட்டது. கைக்குட்டைக்கு மேலே அந்தக் கண்கள் பயத்தில் விரிந்திருந்தன.

பயப்பட வேண்டியதுதான். எஸெல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட வந்த இருவரும் அந்த மட்டையைப் பிடுங்கி அவனை இதே சந்தில் கிடத்திவிடுவார்கள். அவனை அடிக்கிற நேரத்தில் எஸெல் தப்பி ஓடக்கூட முடியும்.

எஸெலுக்குக் கோபம் பொங்கியது. அதற்கு மேல் இரக்கமும் வந்து தொலைத்தது. பாவி, எங்களோடு ஆடிவிட்டு எப்படியடா இவர்களோடு வீட்டுக்குப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டான்.

தடியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கீழே கிடந்தவனை ஓர் உதை விட்டான்.

"ஏன்டா அவனையே மொறைக்கிற? அவனை உனக்குத் தெரியுமா?"

எஸெல் வாயைத் திறந்தான்.

மட்டை வந்தது. இந்தத் தடவை அது டிரம்முக்காகக் காத்திருக்கவில்லை. தாடையில் விழுந்தது. மறுபடியும் தாடையிலேயே விழுந்தது. பல் உதிர்ந்த பிறகும் விழுந்தது. கடைசியில் கூட வந்தவர்களே மிரண்டுபோய், "போதும்டா, செத்துறப் போறான்" என்று அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

எஸெல் சொல்ல வாயெடுத்தது, 'தெரியாது' என்றுதான்.