கபீர் கடையின் பழுதுப் பட்டியல்

"பதினேழு," என்றார் கிராணி லெட்சுமணன், சுவரிலிருந்த ஆணி ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டபடி. "ஓட்டைக்கு இருபது காசு. எழுதிக்கிறேன்."

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருபது வருஷம் கணக்கராக இருந்து, கூலிகளுக்குப் பேர் பதிந்த கை அது. பத்து நிமிஷம் பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தவனுக்கு அதுவும் கிடையாது என்று வெட்டி வெட்டியே மனிதர் மாடாய் உழைத்திருந்தார். அந்த உழைப்பில் வாங்கியதுதான் சிகாமட் டவுனில் இந்தக் கடைவீடு.

இதில் ஐந்து வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தினார் கபீர். வாடகையை ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை. ஆனாலும் ஒரு பெரிய குற்றம் செய்துவிட்டார்: ரப்பர் விலை ஏறி, ஊரெல்லாம் வாடகை ஏறியபோது, இவர் மட்டும் பேசிய வாடகையையே கொடுத்துக்கொண்டிருந்தார். கிராணியாரால் பொறுக்க முடியுமா? மாதக் கடைசிக்குள் காலிபண்ணச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆளும் தயார். தங்காக்கிலிருந்து அர்ச்சுனன் என்ற ஜவுளி வியாபாரி, பத்து வெள்ளி கூடுதல் வாடகைக்குக் கடிதத்திலேயே சம்மதித்து, எழுபத்தைந்து வெள்ளி முன்பணத்தையும் மணியார்டரில் அனுப்பியிருந்தார். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்புகிற மகராசன்கள் இன்னும் இருக்கிறார்களே என்று கிராணியாருக்கு ஒரே பூரிப்பு.

மிச்சமிருந்த ஒரே தொல்லை, கபீர் கொடுத்துவைத்திருந்த நாற்பத்தைந்து வெள்ளி முன்பணம். அதைத் திருப்பித் தர வேண்டுமாம். லாபிஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடை பார்த்திருப்பதாகவும், நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும் என்றும், பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும் என்றும் கபீர் காலையிலேயே சொல்லிப் பார்த்தார். கிராணியார் மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே பென்சிலைச் சீவினார்.

வாசலில் மாட்டுவண்டி ஒன்று, பாய் போர்த்திய மூட்டைகளோடு நின்றது. கபீரின் அண்டா குண்டான்கள் என்னவோ இன்னும் அடுப்படியிலேயே கிடந்தன. வண்டிக்காரன் முண்டாசைக்கூட அவிழ்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

கிராணியார் புகை படிந்த சுவரைப் பார்த்துப் பதறிப்போனார். சாப்பாட்டுக் கடையில் அடுப்பு எரிப்பார்கள் என்ற சங்கதி இன்றைக்குத்தான் அவர் காதுக்கு எட்டியது போலும். அதற்குப் பத்து வெள்ளி. போன மழையில் ஆற்றுத் தண்ணீர் ஏறி நின்ற கறைக்குப் பதினைந்து வெள்ளி.

"ஆறு வந்ததுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?" என்றார் கபீர்.

"கதவைச் சாத்தி வச்சிருந்தா உள்ள வந்திருக்குமா, கபீர் நானா?"

வண்டிக்காரன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் எது வரைக்கும் ஏறும் என்று விசாரித்தான். தம் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கிராணியார் கையை நெஞ்சு வரைக்கும் உயர்த்திக் காட்டினார். கறை என்னவோ முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

கபீர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தால், மனிதர் தாமே உதவிக்கு வந்தார். கூரை மூன்று இடத்தில் ஒழுகுவதை மறந்துவிட்டீர்களே என்று நினைவூட்டினார். அதற்கு ஒன்பது வெள்ளி. பின்கதவைக் கரையான் தின்றதையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அதற்கு ஏழு வெள்ளி அறுபது காசு. அந்த அறுபது காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கிராணியார் கூட்டிப் பார்த்தார். சரியாக நாற்பத்தைந்து வெள்ளி. ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை. இத்தனை நேர்மையாகக் கணக்குப் போட்டதில் கிராணியாருக்குக் கண் கலங்கியது.

பின்னால் யாரும் வம்பு பேசக் கூடாதே என்று, பட்டியலின் அடியில் ஒரு வரியும் சேர்த்தார்: 'மேற்படி பழுதுகளால் இவ்வீடு குடியிருக்கவோ கடை நடத்தவோ லாயக்கற்றுப் போய்விட்டது.' அதை உரக்கப் படித்துக் காட்டி, முதலில் தாம் கையெழுத்துப் போட்டார். கபீரும் போட்டார். தோட்டத்தில் பழகிய பழக்கம், சாட்சி இல்லாமல் ஒரு காகிதத்தையும் கிராணியார் மடிக்கமாட்டார்.

"இங்க வாப்பா," என்று வண்டிக்காரனைக் கூப்பிட்டு, கைரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

வந்தவன் மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை வாங்கினான். பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தான். பிறகு கீழே சரசரவென்று கையெழுத்துப் போட்டு, காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கிராணியார் திகைத்துப்போய்க் கையை நீட்டினார். காகிதம் வரவில்லை.

"தங்காக் அர்ச்சுனன் நான்தாங்க, வீடு கெட்டதுன்னா என் முன்பணத்தைக் குடுங்க, நல்லதுன்னா இவரு முன்பணத்தைக் குடுங்க."