உயராத கை

"ரெண்டு கையையும் உயர்த்தி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார் போதகர்.

சபையே கை உயர்த்தியது. முன்பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஆள் மட்டும் ஒரு கையைத்தான் உயர்த்தினான். மற்றது அவன் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது.

பின்பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த மச்சானுக்கு வியர்க்க ஆரம்பித்தது.

வெளியே அப்படி ஒரு குளிர். குழாய்த் தண்ணீர் பாதி வழியில் நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற குளிர். நான் அளந்து விடுகிறவன் என்று பேர். ஆராதனை நேரத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

மச்சான், அதாவது என் தங்கையின் வீட்டுக்காரர், தையல்காரர். சபையின் மூப்பரும்கூட. ஏழைகளுக்குப் பழைய உடை கொடுக்கும் அறையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். "எனக்கு ஊசிதான் ஜெபம்" என்பார். பொய்யில்லை. மாப்பிள்ளை பலிபீடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்க, பின்னாலேயே நடந்து கோட்டுக்குக் கை வைத்துத் தைத்தவர்.

போன மாதம் போதகருக்குப் புது அங்கி தைத்துக் காணிக்கையாகக் கொடுத்தார். கழுத்திலிருந்து கீழே பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். அந்த நங்கூரத்தை வைத்தே போதகர் ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். சபை எழுந்து நின்று மச்சானுக்குக் கைதட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாழ்மை என்று நினைத்துக்கொண்டோம்.

போதகர் படியிறங்கி முன்பெஞ்சுக்கு வந்தார்.

"ஏம்ப்பா, கர்த்தருக்குப் பாதி ஸ்தோத்திரமா? அந்தக் கைக்கு என்ன?"

"இத எடுக்க முடியாதுங்க ஐயா. ஒத்தக்கை ஆளு மூட்டை தூக்க மாட்டான்னு கிடங்குல வேலைகூடத் தர மாட்டேங்கிறாங்க."

சபைக்கு அது போதுமாக இருந்தது. சூம்பிப்போன கைக்காக ஜெபம் ஆரம்பமானது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இரண்டு தெரு தள்ளி யாருக்கோ முழங்கால் வலி அன்றோடு போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கை மட்டும் அசையவில்லை.

போதகர் அவனைச் சபைப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்; அவன் முகத்தைப் பார்த்தேன். நோயாளியின் முகம் இல்லை அது. கூட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டவனின் முகம்.

"கை நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று முனகினார் மச்சான். "அத எடுத்தா கோட்டு தொறந்துக்கும். உள்ள சட்டை கிடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோட்ட நான்தானே குடுத்தேன்."

அதற்குள் போதகர் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "விசுவாசத்தோட தூக்கு!" என்று இழுக்கவும் தொடங்கினார். அவன் விரல்கள் கோட்டின் ஓரத்தை விடாமல் பற்றியிருந்தன. பெண்கள் பக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

மச்சான் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை கடைக்குள் பாம்பு வந்தபோது, அதன் நீளம் எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து வெளியே வந்தவர்.

ஓடிப்போய் அந்த ஆளை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சபை உருகிப்போனது. அந்த மறைவில், காலருக்கு அடியில் எப்போதும் செருகி வைத்திருக்கும் ஊக்குகளை எடுத்து, கோட்டின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் குத்தினார்.

விலகினார்.

அந்த ஆள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளும் மேலே போயின.

எழுந்த அல்லேலூயாவில் கூரைப் புறாக்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. "மூப்பர் தொட்டாரு, கை எழும்பிடுச்சு!" என்று ஒரு குரல். வலிக்கிற தோளோடு நாலைந்து பேர் மச்சானைச் சுற்றிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் தங்கை பார்த்த பார்வையில் இருந்த பெருமை, கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மச்சான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஆளை அழைத்துவந்து எங்கள் நடுவில் உட்காரவைத்தார்.

அப்போதுதான் கோட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். முன்பக்கம் பொத்தான் இருந்த இடங்களில் நூல்முனைகள் மட்டும் நின்றன. தானாக அறுந்தவை இல்லை. கத்தரியால் ஒட்ட வெட்டியவை.

காணிக்கைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் கோட்டின் உள் ஓரத்தைத் தடவினான். ஒன்று அறுந்தால் தைத்துக்கொள்ளட்டும் என்று நல்ல கோட்டுகளில் உள்ளே ஒரு பொத்தானை உபரியாகத் தைத்து வைப்பார்கள். அதைப் பிய்த்தெடுத்து, மச்சானின் உள்ளங்கையில் வைத்து, காதோடு சொன்னான்:

"போதகரய்யா பொத்தான் ஒண்ணு எப்படியோ இந்தக் கோட்டுக்குள்ள வந்துடுச்சுங்க. நீங்களே குடுத்துடுங்க. நான் திருடிட்டேன்னு யாராவது சொல்லிடப் போறாங்க."

பித்தளை. நடுவில் நங்கூரம்.

பாட்டு முடிந்தது. கடைசி ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் எழுந்து கைகளை உயர்த்தினோம். அந்த ஆள் இரண்டையும் உயர்த்தினான்; ஊக்குகள் நன்றாகவே தாங்கின.

மச்சான் ஒன்றைத்தான் உயர்த்தினார். மற்றது, விரல்கள் மூடியபடி, நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது.

போதகர் அதைக் கவனித்துவிட்டார். அங்கியின் நங்கூரங்கள் ஒவ்வொன்றாக மினுங்க, படியிறங்கி எங்கள் பெஞ்சை நோக்கி வந்துகொண்டிருந்தார்.