கடல் தெரியாத அறை

"அந்த ஊர் வேண்டாம்!"

அவள் சொன்னது மாடி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அச்சகக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏன் வேண்டாம்? கத்தாம சொல்லு."

"ஒரே ஜனம்! ராத்திரி பகல்னு இல்லாம பாட்டு, கூத்து! ரெண்டு பேரும் நிம்மதியாப் பேசிக்க முடியாது!"

"இத்தனை வருஷம் வீட்டுல பேசாததையா அங்க போய்ப் பேசப் போற?"

அவர் மறுபடியும் போய் ஜன்னலைத் திறந்தார். புழுக்கம்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கணவனும் மனைவியுமாக அவர்கள் போகப்போகிற முதல் வெளியூர்ப் பயணம் இது. சனி, ஞாயிறு, இரண்டே நாள். மருமகன் கடற்கரை ஊர்களின் படங்களாகப் பொறுக்கி அனுப்பியிருந்தான். அன்று முதல் வீட்டில் இதே ரகளைதான். அவர் ஒரு ஊரைச் சொன்னால் அவள் தட்டிவிடுவாள். அவள் கேட்பதெல்லாம் ஈ காக்கை இல்லாத ஊராக இருந்தது.

"இந்தக் கலங்கரை விளக்கம் இருக்கிற ஊருக்குப் போகலாம்ங்க! கடைசி பஸ் போயிட்டா ஒரு சத்தம் இருக்காதாம்!"

அதுதான் அவருக்குப் பயம்.

வெளியே சொல்ல முடியாத பயம். கொஞ்ச காலமாகவே அவளுடைய குரல் ஏறிக்கொண்டே போகிறது. பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தால் டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். மகள் கல்யாணத்தில் இன்னும் மோசம். "உங்க சட்டைப் பொத்தான் கழண்டிருக்கு" என்று அவள் இவரிடம் சொல்ல, சம்பந்தி வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் குனிந்து அவரவர் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் கூனிக் குறுகிப் போனார். அதற்கப்புறம் முடிந்தவரை தனியாகத்தான் வெளியே போகிறார்.

கூட்டமுள்ள ஊர் என்றால் இவள் கத்தினாலும் கும்பலோடு கும்பலாகப் போய்விடும். அமைதியான ஊரில் மானம்தான் போகும்.

"எந்த ஊரோ, நீயே ரூம் போட்டுத் தொலை" என்று கடைசியில் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் மெஷின் முன்னால் நின்றபோதும் மனசு நிலைகொள்ளவில்லை. ஒரு கட்டுத் தாளைக் கோணலாக அடுக்கியதில் அத்தனையும் மை இழுகி வீணானது. டீ நேரத்தில் கை மையைத் துணியில் துடைத்தபடி வாசலுக்கு வந்து, அவள் ரூம் போட்டிருந்த விடுதிக்குப் போன் போட்டார். மெஷின் ரூமில் வேலை செய்கிற எல்லாரையும் போல அவரும் போனை முழுச் சத்தத்தில்தான் வைத்திருப்பார்.

ஒரு பெண் எடுத்தாள்.

"ஆமா சார், உங்க வீட்டம்மா இந்த நம்பரைக் கொடுத்துதான் ரூம் போட்டாங்க. பின்பக்கத்து ரூம்."

"பின்பக்கமா? கடல் தெரியுமா?"

"தெரியாது சார். காம்பவுண்டு சுவர் தெரியும்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சுவரைப் பாக்கவா அவ்வளவு தூரம் வர்றோம்? முன்பக்கம் காலி இல்லையா?"

"இருக்கு சார். அதைத்தான் முதல்ல கொடுத்தேன். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."

"அவளுக்கு என்ன தெரியும்! மாத்துங்க! இல்லேன்னா எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்க! எங்கயும் போக வேண்டாம்!"

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இங்க பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் பாக்குறாங்க."

வாயாடிப் பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்தார். தெருவில் போன இரண்டு பேர் தன்னையும் திரும்பிப் பார்ப்பதை அவர் கவனிக்கவில்லை.

"நான் பேசுறதே பெரிசாத் தெரியுதா உங்களுக்கு? அவ பேசும்போது காதைப் பொத்திக்கிட்டிருப்பீங்களே!"

"அவங்களா? பூ மாதிரில்ல சார் பேசினாங்க! குரலே வெளிய வரல. நான்தான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

"இல்ல சார். மகளுக்குக் கல்யாணம் ஆச்சு, வீட்டுக்காரர் அச்சகத்துல இருக்கார்னு எல்லாம் சொன்னாங்களே."

அச்சகக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் மனைவி மெதுவாகப் பேசிக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"எதுக்காம் அந்த ரூம்?"

"அலைச் சத்தம் கேக்காத ரூமா வேணும்னாங்க."

"கடலுக்கு வந்துட்டு அலைச் சத்தம் வேண்டாமா? பைத்தியமா அவளுக்கு?"

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஹலோ! கேக்குதா? கேன்சல் பண்ணுங்கன்னேன்!"

"அய்யோ, அவசரப்படாதீங்க சார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா நீங்க அவங்களைப் போய்ப் பைத்தியம்னு சொல்றீங்களே, மனசு கேக்கல." அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "'மெஷின் சத்தத்துல அவருக்குக் காது பாதி போயிடுச்சும்மா. சொன்னா ஒடிஞ்சு போயிடுவார். அதனால நான் கத்துறவளாவே இருந்துட்டுப் போறேன். ஆனா அந்த ரெண்டு நாளாவது அவர்கிட்ட மெதுவாப் பேசணும்னு ஆசையா இருக்கு'ன்னு சொன்னாங்க சார்."