இறங்கித் தள்ளிச் செல்லவும்

பலகையைப் படித்துவிட்டு, படிக்கத் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார் சைக்கிள் சார்.

நேற்று மாலைவரை அது அங்கே இல்லை. இரவோடு இரவாகச் சாலையைத் தோண்டிப்போட்டு, குறுக்கே தகரம் அடித்து, மஞ்சள் பலகைகளாக நட்டுவைத்திருந்தார்கள். ஒரு பலகையின் அம்பு மேம்பாலத்துக்குப் போகச் சொன்னது. மேம்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்றது இன்னொன்று. இரண்டையும் நட்டவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததே இல்லை போலும்.

மூன்றாவது பலகை சைக்கிள்காரர்களுக்கென்றே வைத்தது. இறங்கித் தள்ளிச் செல்லவும்.

தள்ளிச் செல்ல வழியும் விட்டிருந்தார்கள். தகரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே, மரச்சட்டங்கள் போட்டு, ஓர் ஆள் ஒடுங்கிப் போகிற அளவுக்கு. சிவப்புக் கொடியோடு நின்றவன் ஒவ்வொருவராக இறக்கி அனுப்பிக்கொண்டிருந்தான்.

சார் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பின்னால் மணி அடித்தார்கள்.

டாக்சி நிறுவனத்தில் ஃபோன் எடுக்கிற வேலை அவருக்கு. ஊருக்கெல்லாம் வண்டி அனுப்புகிறவர், தான் மட்டும் ஒருநாளும் டாக்சியில் ஏற மாட்டார். சைக்கிளையும் வெளியே நிறுத்த மாட்டார். அலுவலக அறைக்குள்ளேயே, அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நிற்கும். வெளியே விட்டால் அதற்குச் சளி பிடித்துவிடும் என்பார். கட்டின மனைவியைக்கூட இப்படித் தாங்கமாட்டார் மனுஷன் என்று அறையே கேலி செய்யும். சாரும் சேர்ந்து சிரிப்பார்.

கேலி அதோடு சரி. வேலை என்று வந்தால் அவரைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. காலையில் முதல் ஆள் அவர். மாலையில் விளக்கை அணைக்கிற ஆளும் அவர். நடுவில் டீ வந்தால்கூட வேண்டாம் என்றுவிடுவார். இந்த வாரம் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டபோது, உங்களுக்கென்ன சார் கவலை என்று அவரிடமே வந்து பொருமினார்கள்.

அந்த நல்ல பெயரை விட்டால் அவர் கையில் வேறொன்றும் இல்லை. இன்றைக்கும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

"ஓட்டிட்டே போயிடறேன்பா. மெதுவா."

"சொன்னா கேளுங்க சார். உள்ள விழுந்து வச்சீங்கன்னா என் வேலைதான் போகும். இறங்குங்க."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

சார் இறங்கினார். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, அவர் அறையிலேயே வேலை செய்கிற பெண் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். நல்ல பெண். யார் கஷ்டப்பட்டாலும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். "குடுங்க சார், நான் தள்ளிட்டுப் போறேன். நீங்க கையை வீசிட்டு வாங்க" என்று, அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சைக்கிளை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள்.

சார் நின்ற இடத்திலேயே நின்றார்.

வரிசை அவரை இடித்துக்கொண்டு போனது.

அவருடைய பாதங்கள் தரையில் இருந்தன, அவ்வளவுதான். எடுத்து வை என்றால் அவை கேட்பதில்லை. கேட்காமல் போய் மூன்று வருடமாகிறது. அதிலும் குறுகலான இடமென்றால் அடியோடு இல்லை. இது காலில் வந்த நோய் அல்ல, மூளையில் வந்தது என்றார் மருத்துவர். பெடலில் வைத்துவிட்டால் அதே கால்கள் பழையபடி சுற்றும். நடக்கத்தான் மறந்துவிட்டன. வீட்டில் மனைவி தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைப்பாள். அதைத் தாண்டுகிறோம் என்று நினைத்தால் ஓர் அடி வரும். மறுபடி வைப்பாள், மறுபடி ஓர் அடி. கட்டிலிலிருந்து வாசலில் நிற்கும் சைக்கிள்வரை தினமும் அப்படித்தான். அலுவலகத்தில் சரக்கு இறக்கும் சரிவு வழியாக ஓட்டிக்கொண்டே உள்ளே போய், மேசையைப் பிடித்து நாற்காலியில் விழுந்துவிடுவார். அப்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

"சார், வாங்க! நேரமாச்சு" என்று அவள் கூப்பிட்டாள்.

வேறு வழி தெரியவில்லை. கொடிக்காரனைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உன் காலைக் கொஞ்சம் எனக்கு முன்னாடி வையேன்."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கிட்டே வந்து முகர்ந்தும் பார்த்தான்.

"காலங்காத்தாலேயே ஊத்திட்டு வந்துட்டியா பெருசு?"

வரிசை மொத்தமும் சிரித்தது. அந்தப் பக்கம் நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாவம், எப்படியாவது உதவி செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் மேலாளரை ஃபோனில் அழைத்து, நம்ம சாரால் ஓர் அடிகூட நடக்க முடியவில்லை என்று இந்தப் பக்கம்வரை கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள்.