தோள் உயரம்

கோர்டி தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் பச்சைத் துணியை விரித்து மூன்று பிஸ்டல்களை எடுத்து வைத்தான்.

மார்லிஸ் மூன்றையும் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை.

"இதுல எது தோட்டா சிக்காம சுடும்?"

முதல் தடவை துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் எடையைக் கேட்பார்கள். இப்படி யாரும் ஆரம்பித்ததில்லை.

இவள் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். புருஷன் இருந்த காலத்திலும் ஒரு நாள்கூட மான் வேட்டைக்குப் போகாதவள். அவர் இறந்த மறுமாதமே அவருடைய ரைபிளை இதே கடையில் விற்றுவிட்டுப் போனவள்.

"பேப்பர்ல குறி வச்சுச் சுடத்தானே கேட்டே? சிக்கினாத்தான் என்ன, பேப்பர் எந்திரிச்சு ஓடிருமா?"

காப்பிக் கோப்பையோடு கதவோரம் நின்றிருந்த வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். மான் வேட்டைப் பருவம். ஊரில் பாதிப் பேர் ஆரஞ்சு ஜாக்கெட்டில்தான் திரிந்தார்கள்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. "நானூறு டாலருக்கு மேல என்னால முடியாது, கோர்டி. அதுக்குள்ள சொல்லு."

அவன் முதலாவதைத் தொட்டுக் காட்டினான். "உனக்கு இதுதான் சரி. மெல்லிசுத் தோட்டா, உதைக்காது. தோட்டா விலையும் கம்மி, வாரா வாரம் வந்து ஆசை தீரச் சுடலாம். எப்பவாச்சும் ஒண்ணு வெடிக்காம நின்னுரும். தட்டி விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரலாம்."

"எப்பவாச்சும்னா?"

"நூத்துக்கணக்குல சுட்டா ஒண்ணு ரெண்டு."

அவள் அதை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

இரண்டாவது புத்தம் புதிது. வரியோடு சேர்த்தால் நானூறைத் தாண்டியது. மூன்றாவது, பக்கத்து மாவட்டப் போலீஸ்காரர்கள் புதுசு வந்ததும் கழித்துக் கொடுத்தது. உறையில் உரசி உரசி விளிம்பெல்லாம் வெளுத்திருந்தது.

"இது முரட்டுக் கழுதை. ஆனா இடுப்புல கிடந்ததுதான் ஜாஸ்தி, சுட்டது கம்மி. உள்ளே புதுசு மாதிரி இருக்கு. சிக்காது."

"சுட்டுப் பார்க்கலாமா?"

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கோர்டி மனித உருவம் அச்சிட்ட தாளைக் கம்பியில் மாட்டினான். இருவரும் காதுக்கவசம் போட்டுக்கொண்டார்கள்.

அவள் பிடித்த பிடியைப் பார்த்து அவனுக்குப் புருவம் உயர்ந்தது. சமையலறையில் கொதிக்கும் பாத்திரங்களைத் தூக்கிப் பழகிய மணிக்கட்டு. துப்பாக்கி துள்ளியது, கை துள்ளவில்லை.

"யார்கிட்டப் பழகினே?"

"டிவியில."

வலது கையால் சுட்டாள். பிறகு இடது கையால். பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் சுட்டாள்.

"இது குளிருக்குக் காணாதே" என்றான் கோர்டி. அவள் தோட்டாக்களை நிரப்பினாள். தோட்டாப் பெட்டி காலியாகும்வரை ஒரு தடவையும் சிக்கவில்லை.

பிறகு கேட்டாள்.

"அந்தத் தாளை இன்னும் கீழே இறக்கலாமா?"

"எவ்வளவு?"

அவள் தன் தோளுக்கு நேரே உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள். தலை அந்த அளவில் வரவேண்டும் என்றாள்.

"குள்ளனுங்க மேல என்ன கோபம் உனக்கு?"

கேட்டுவிட்டு அவன் தாளை இறக்கிக் கட்டினான். கட்டிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் வந்து பார்த்தான். அவனுடைய சிரிப்பு நின்றுபோயிற்று.

யாராவது உள்ளே புகுந்து பிள்ளைகளைச் சுட்டால் தடுப்பதற்காக, பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற யாரோ சிலரைத் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

கோடை விடுமுறையில் மூடிய அறைக்குள் வைத்து, யார் தயார் என்று பள்ளி நிர்வாகத்தார் கேட்டபோது ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். மார்லிஸ் கை தூக்கினாள். சாப்பாட்டுக் கூடம் வாசலை ஒட்டி இருந்தது, பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் உட்காருவார்கள், அவள் சமைக்கிற அடுப்படியும் அங்கேதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்கள். இரவல் பிஸ்டலில் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தமாக ஒன்றை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு வந்த இளவயது அதிகாரி கடைசி நாளில் சொன்னார்: சுட வருகிறவன் வெளியாளாக இருக்கமாட்டான். பெரும்பாலும் உங்கள் பள்ளியில் படிக்கிற பையனாகத்தான் இருப்பான்.

அதை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. மார்லிஸ் அந்தப் பையன்களுக்குத் தினமும் தட்டில் சாப்பாடு வைக்கிறவள். யாருக்குப் பட்டாணி பிடிக்காது, யார் இரண்டாம் முறை வருவதற்கு வெட்கப்படுவான், யார் தனியாக உட்காருவான் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

கோர்டிக்கு இப்போது புரிந்தது. அவனுடைய பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். கொட்டகைக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

மார்லிஸ் பிஸ்டலை உயர்த்தினாள். பிறகு, கொஞ்சம் தாழ்த்தினாள். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளிருந்து முதல் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை மதியம் கூடத்தில் வழக்கமான இரைச்சல். பிளாஸ்டிக் கையுறையைக் கழற்றி, கரண்டியை உதவியாளிடம் கொடுத்துவிட்டு மார்லிஸ் தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். கடைசி மேசையில் ஒரு பையன் தனியாகத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். ஏப்ரனுக்குள் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் மேசை விளிம்பில் இடித்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் பெயர் அவளுக்குத் தெரியும்.

"உன் பேர் என்னப்பா?" என்று கேட்டாள்.