நான்கு கைகளும் ஒரு கார்க்கும்

சமையலறை மேசையில் ஒயின் பாட்டில் நிற்கிறது. கார்க்குக்குள் ஓப்பனர் முழுதாக இறங்கியிருக்கிறது; வெளியே இழுக்கத்தான் ஆளில்லை. ஜிம்மிலிருந்து வந்து குளித்த ஈரம் கணவன் மனைவி இருவர் தலையிலும் இன்னும் காயவில்லை. ஒயின் திறக்கிற நாளில் ஒருவர் கைக்குப் பயிற்சி செய்தால் மற்றவர் காலுக்குச் செய்வது இந்த வீட்டு வழக்கம். பாட்டிலைத் திறக்க ஒரு ஜோடிக் கையாவது மிஞ்ச வேண்டுமே. இந்த வாரம் முழுக்க இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் இன்று யார் எது என்று கேட்டுக்கொள்ளாமல், இருவருமே கையை ஒருவழி பண்ணிவிட்டு வந்திருக்கிறார்கள். மாலை வெயில் பாட்டிலுக்குள் புகுந்து மேசைமேல் கருஞ்சிவப்பாக விழுகிறது. அடுப்பில் மீன் வெண்ணெயில் பொரிகிறது. பல் டாக்டரான அவள் இழுத்துப் பார்க்கிறாள். விரல்கள் வெடவெடக்கின்றன. “நாள் பூரா பல்லு புடுங்குற, இத புடுங்க முடியல?” என்கிறான் அவன். இந்த வாரத்தில் அவன் பேசும் முதல் பேச்சு. அவள் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்துகிறாள். “லிஃப்ட் மெக்கானிக்தானே, நீ மேல ஏத்து பாக்கலாம்.” அவன் முகம் சிவக்கிறது, கார்க் அசையவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்து பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்கிறான். எதிரில் அவளும் உட்கார்ந்து ஓப்பனரைப் பிடிக்கிறாள். அவள் கைமேல் அவன் கை. நான்கும் சேர்ந்து நடுங்குகின்றன. ‘பொளக்’கென்று கார்க் வர, இருவர் சட்டையிலும் ஒயின் தெறிக்கிறது. அவள் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். “இனிமே எவ்வளவு சண்டை போட்டாலும், கையா காலான்னு மட்டும் சொல்லித் தொலை.”