சண்டை போடுபவர்களுக்கு மட்டும்

"பயப்படாத செல்லம், இதோ கிளம்பிட்டேன்" என்றது போனில் இசக்கிராஜின் குரல்.

பிரசவ அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அவன் மனைவி செண்பகவல்லிக்கு, வலியையும் மீறி உடம்பு சில்லிட்டது. கல்யாணமான நாள்முதல் அவன் அவளை ஒருமுறைகூடச் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. இது அவனில்லை. வேலை நேரத்தில் வீட்டிலிருந்து வரும் அழைப்புக்கெல்லாம் ஊழியரின் குரலிலேயே பதில் சொல்ல, அவன் வேலை பார்க்கும் ஃபிரிட்ஜ் கம்பெனி வைத்திருக்கும் எந்திரம். அவனுக்கு விஷயமே போய்ச் சேராது.

"உடனே ஆபரேஷன் பண்ணணும்மா. உங்க குரூப் ரத்தம் இங்க இல்ல, அவர்தான் வந்து கொடுக்கணும். வர்றேன்னு சொன்னாருல்ல?" என்று நர்ஸ் அவசரப்படுத்தினாள்.

செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனியின் புகார் எண்ணை அழுத்தினாள். அங்கேயும் முதலில் எந்திரம்தான் தேனொழுகப் பேசியது. சண்டை போடுகிற வாடிக்கையாளர்களிடம் மட்டும்தான் மனிதர் பேசுவார். தமிழில் சண்டை போட்டால் பேச வருவது இசக்கிராஜ். அவள் வாயில் வந்தபடியெல்லாம் ஏசினாள். வாங்காத ஃபிரிட்ஜுக்காக முதலாளியின் பரம்பரையையே இழுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

இணைப்பு மாறியது.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?"

"ஏங்க, நாந்தான்."



"கூறுகெட்டவளே, இந்த நம்பருக்கு எதுக்குட்டி போட்ட? என் வேலைக்கு உலை வைக்கப் பாக்கியா?"

அந்த வசவைக் கேட்டதும் செண்பகவல்லிக்குக் கண்ணீர் பொங்கியது.

"இது அவரேதான் சிஸ்டர்" என்று போனை நர்ஸின் கையில் கொடுத்தாள்.